பாயில் உட்கார்ந்த பிறகு செய்யும் தவறுகள்

புதிதாகச் சேரும் தெரபிஸ்டுகளின் செஷன்களை ஓரமாக உட்கார்ந்து பார்ப்பது இப்போது என் வேலையில் ஒரு பகுதி. போனை அணைத்து வைக்கணும், பொம்மையைத் துடைத்து வைக்கணும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், விட்டுவிடுகிறேன். ஒரு காலத்தில் நான் செய்ததையே அவர்களும் வரிசை மாறாமல் செய்யும்போதுதான் நெளிய வேண்டியிருக்கிறது. வீட்டில் பெற்றோர் செய்வதும் பெரும்பாலும் இதுவே.

ஆட்டிசமோ வேறு வளர்ச்சித் தாமதமோ உள்ள குழந்தைகளோடு நாங்கள் பயன்படுத்துவது ஃப்ளோர்டைம். அமெரிக்க மனநல மருத்துவர் ஸ்டான்லி கிரீன்ஸ்பானும் உளவியலாளர் செரீனா வீடரும் உருவாக்கிய முறை. குழந்தை எதில் லயித்திருக்கிறதோ அதில் நாமும் போய்ச் சேர்ந்துகொண்டு, அங்கிருந்தே கொடுக்கல் வாங்கலை வளர்க்கணும். கேட்க எளிதாகத்தான் இருக்கும்.

விளையாட்டைப் பரீட்சையாக்குவது

விருந்தாளி வந்தால் நம் வீட்டுக் குழந்தைகளுக்குப் பரீட்சை நிச்சயம். "காக்கா எப்படிக் கத்தும்? மாமாவுக்குச் சொல்லு. மூக்கு எங்கே?" பேச்சு தாமதமான குழந்தைக்கு இது இரட்டிப்பாகிவிடும். பெற்றோரின் பயம் புரிகிறது. பயிற்சி பெற்றவரும் பாயில் உட்கார்ந்த கையோடு "இது என்ன கலர்?" என்று ஆரம்பித்தால் எரிச்சல் வராதா?

நான்கு வயதுப் பையன், பேச்சு இல்லை. எவர்சில்வர் டப்பாவின் மூடியைத் தரையில் சுழற்றிவிட்டு, அது கிறுகிறுத்து அடங்கும் சத்தத்தைக் குனிந்து காது கொடுத்துக் கேட்பான். புதிதாக வந்த பெண் அந்த மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு, "இது என்ன? மூடி. சொல்லு, மூ...டி. என்ன ஷேப்?" என்றார். பையன் முதுகைத் திருப்பிக்கொண்டான். அடுத்த கேள்வி வந்தது, சுவரோரம் போய்விட்டான். அங்கேயும் பின்னாலேயே போய், "கலர் என்ன?"

அன்றைய குறிப்பில் அவர் எழுதியது: "ஒத்துழைப்பு இல்லை." அந்த வரியை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. விளையாடிக்கொண்டிருந்தவனிடமிருந்து பொருளைப் பிடுங்கியது யார்? அம்மா அதைப் படித்துவிட்டு, தன் பிள்ளைக்குத்தான் ஏதோ வரவில்லை என்று நம்பிக்கொண்டு போனார். பையனோ, பெரியவர்கள் பக்கத்தில் வந்தாலே கேள்வி வரும் என்று கற்றுக்கொண்டான். பிறகு யார் உட்கார்ந்தாலும் எழுந்து போனான். அந்த நம்பிக்கையை மீட்க வாரக்கணக்கில் ஆனது.

அப்புறம் அம்மாவையே உட்காரவைத்தோம். இன்னொரு மூடியை எடுத்து, எதுவும் பேசாமல் அவரும் சுழற்றினார். பையன் ஓரக்கண்ணால் பார்த்தான். கொஞ்ச நேரம் கழித்து, அவன் மூடி சுழலும்போது உள்ளங்கையை மேலே வைத்து நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். அவன் அம்மாவின் விரலைப் பிடித்துத் தூக்கி, முகத்தைப் பார்த்தான். "சுத்து!" என்று கையை எடுத்தார். அடுத்த தடவை அம்மாவின் கையை அவனே இழுத்து மூடிமேல் வைத்தான்.

அவன் தொடங்குகிறான், அம்மா பதில் தருகிறார், அதற்கு அவன் பதில் தருகிறான். இதைத்தான் தொடர்பு வட்டம் என்கிறோம். இப்படி வட்டம் வட்டமாகச் சேர்ந்துதான் உரையாடல் வரும். "என்ன கலர்?" என்ற கேள்விக்கு "சிவப்பு" என்று சொல்லிவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்தது.

கேள்வி வாய் வரை வந்தால், அவன் செய்வதையே சின்னதாகச் சொல்லுங்கள்: "சுத்துது... விழுந்துடுச்சு!" பிறகு மனதுக்குள் பத்து எண்ணுங்கள். பலருக்கு நான்கைத் தாண்டுவதே பெரும்பாடு. கேள்வியே கூடாதா என்றால், பதில் நமக்கே தெரியாத கேள்வி கேட்கலாம். "இப்போ யாரு சுத்தறது, நீயா நானா?"

"வெரி குட்!"

கை தட்டியதும் அவன் கவனம் விளையாட்டை விட்டு நம்மிடம் திரும்பிவிடும். வேண்டாம்.

அலமாரியைக் கொட்டுவது

மூன்று நான்கு பொருள் போதும்.

சும்மா பார்த்துக்கொண்டிருப்பது

"அவன் போக்குல விட்டுட்டேன் மேடம்" என்பார்கள். விட்டுவிடுவது வேறு, பின்தொடர்வது வேறு. சுவருக்குச் சுவர் ஓடுகிறான், எதைப் பின்தொடர்வது என்று கேட்டால், அந்த ஓட்டத்தைத்தான். வழியில் கையை நீட்டிக் கதவுபோல நில்லுங்கள். அவன் தள்ளினால் திறங்கள். தடை அவனுக்கு வேடிக்கையாக இருக்கணும். முகம் சுருங்கினால் உடனே விலகுங்கள்.

எல்லாவற்றையும் அனுமதிப்பது

குழந்தை முன்னே போகட்டும், தெரபிஸ்ட் பின்தொடரட்டும் என்று 1947-ல் எழுதிய, விளையாட்டு சிகிச்சையின் முன்னோடியான அமெரிக்க உளவியலாளர் வர்ஜீனியா ஆக்ஸ்லைனே, தன் எட்டு விதிகளில் கடைசியை எல்லைகளுக்குத்தான் ஒதுக்கினார். அடித்தால் கையைத் தடுத்து, "அடிக்கக் கூடாது, தலையணையை அடி" என்று சொல்லிவிட்டு விளையாட்டைத் தொடருங்கள். பிரசங்கம் தேவையில்லை.

வாரம் ஒரு செஷன், வீட்டில் ஒன்றுமில்லை

ஃப்ளோர்டைம் ஒரு தடவைக்கு 20, 30 நிமிடம், தினமும் பல தடவை செய்ய வேண்டியது. முழு நேரமும் கிடைக்காத நாளில் குளிக்க வைக்கும்போது தொடங்குங்கள். சொம்பில் தண்ணீரைத் தூக்கிப் பிடித்து, ஊற்றாமல், அவன் ஏதாவது செய்யும்வரை காத்திருங்கள்.