பழைய லேப்டாப் வாங்கும் முன்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ வேறெங்கோ செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கப் போகிறவர்கள், லினக்ஸ் மின்ட் (விண்டோஸ் போன்ற ஒரு இலவச இயங்குதளம்) ஏற்றிய பென்டிரைவ் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். எதையும் இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே பூட் செய்து, வைஃபை, கேமரா, ஸ்பீக்கர், ஒவ்வொரு கீ என்று எல்லாவற்றையும் கடையிலேயே நின்று சோதித்துவிடலாம். அதில் பவர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் திறந்தால், பேட்டரி புதிதாக இருந்தபோது எவ்வளவு தாங்கியது, இப்போது எவ்வளவு என்பது எண்ணாகவே தெரியும். பாதிக்குக் கீழே இருந்தால் புது பேட்டரி விலையைக் கழித்துப் பேசுங்கள்.

இதைவிட முக்கியம் பயாஸ் பாஸ்வேர்டு, அதாவது விண்டோஸுக்கும் முன்னால் ஓடும் அடிப்படை செட்டிங்ஸுக்கான பூட்டு. கம்பெனிகள் கழித்துவிட்ட லெனோவா திங்க்பேட் என்றால், ஆன் செய்ததும் எஃப்1 அழுத்தி உள்ளே போய்ப் பாருங்கள். பாஸ்வேர்டு கேட்டால், "அதெல்லாம் எடுத்துக்கலாம் சார்" என்று கடைக்காரர் எவ்வளவு சொன்னாலும் வேண்டாம், அந்த சூப்பர்வைசர் பாஸ்வேர்டு பேட்டரியைக் கழற்றினால் போகிற ரகம் இல்லை.

இன்டெல் 8-ஆம் தலைமுறை பிராசஸருக்கு முந்தைய மெஷின்களில் விண்டோஸ் 11-க்குப் பெரும்பாலும் அதிகாரபூர்வ ஆதரவு கிடையாது, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. அதனால் ரொம்பப் பழையது வாங்கினால் லினக்ஸையே போட்டுக்கொள்ளுங்கள், தட்டச்சு, பிரவுசர், வீடியோவுக்குத் தாராளமாகப் போதும். அப்புறம், ஹார்டு டிஸ்க் இருந்தால் முதல் வேலையாக அதை எடுத்துவிட்டு, அதைவிட வேகமான எஸ்எஸ்டி போடுங்கள். ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்ட மாடலா என்று மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். திங்க்பேட் மாடல்களில் டி480-இல் 2 ரேம் ஸ்லாட் உண்டு, எக்ஸ்1 கார்பனில் பின்னால் ரேமைக் கூட்டவே முடியாது.