கடினம் கூடினால் பலம் கூடிவிடாது: ரப்பர் வல்கனைசேஷனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரப்பரைச் சல்பரோடு சேர்த்துச் சூடாக்கி உறுதியாக்குவதுதான் வல்கனைசேஷன். ரப்பர் சாமான் கிழிகிறது என்று புகார் வந்ததும் சல்பரைக் கூட்டுவதுதான் பெரிய தவறு. ஹார்ட்னஸ் (கடினம்) ஏறும், கிழிசலோ இன்னும் சீக்கிரம் வரும்.

சல்பர், ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை இடையிடையே ஒன்றோடொன்று கோக்கிறது; இதுவே குறுக்குப் பிணைப்பு. அது அதிகமாக ஆக, ஹார்ட்னஸும் மாடுலஸும் (இழுத்தால் நீளாமல் எதிர்க்கும் விறைப்பு) ஏறிக்கொண்டே போகும். இழுவிசைப் பலம் அப்படியல்ல, ஓர் உச்சம் தொட்டு இறங்கிவிடும். கிழிதலைத் தாங்கும் திறன் அதற்கும் முன்பே உச்சம் தொட்டுவிடும். விரிசலின் நுனியில் ஒரு சங்கிலி அறுபட வேண்டுமானால், இரு பிணைப்புகளுக்கு நடுவே உள்ள அதன் எல்லாக் கண்ணிகளும் விறைக்க வேண்டும். சங்கிலி நீளமாக இருந்தால் அதற்கு அதிக ஆற்றல் செலவாகும். ஆய்வாளர்கள் லேக், தாமஸ் இருவரும் 1967இல் தந்த விளக்கம் இது. அதன்படி, சங்கிலி நீளம் கால் பங்கானால் விரிசல் வளரத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல் பாதியாகும். இயற்கை ரப்பரில் இன்னொரு நட்டமும் உண்டு: இழுக்கும்போது உருவாகி விரிசலைத் தடுக்கும் படிகங்கள், பிணைப்பு மிக நெருங்கினால் சரியாக உருவாவதில்லை.

ஹார்ட்னஸ்தான் வேண்டுமென்றால் கார்பன் பிளாக்கைக் கூட்டுங்கள். என்330 என்ற கார்பன் பிளாக் ரகத்தில், 100 பங்கு ரப்பருக்கு 2 பங்கு கூட்டினால் ஷோர் ஏ என்ற ஹார்ட்னஸ் அளவில் சுமார் 1 ஏறும். சல்பரை ரொம்பக் குறைத்தாலும் ஆகாது; அழுத்தி வைத்த சாமான் பழைய வடிவத்துக்குத் திரும்பாது.

எத்தனை பிணைப்பு என்பதோடு எந்த வகைப் பிணைப்பு என்பதையும் பாருங்கள். 100 பங்கு இயற்கை ரப்பருக்கு சல்பர் 2.5, சிபிஎஸ் என்ற ஆக்சிலரேட்டர் (வல்கனைசேஷனை விரைவுபடுத்தும் பொருள்) 0.5 என்றால் பல சல்பர் அணுக்கள் கோத்த பிணைப்புகள் வரும். மடங்கி மடங்கி உழைக்கும் பாகத்துக்கு இதுவே ஏற்றது, சூட்டில் கெடும். சல்பரை 0.4க்கு இறக்கி ஆக்சிலரேட்டரை 4 வரை ஏற்றினால் சூடு தாங்கும். ஆனால் திரும்பத் திரும்ப வளைத்தால் விரிசல் சீக்கிரம் விடும். இரண்டும் வேண்டிய இடத்தில் சல்பர் 1.5, ஆக்சிலரேட்டர் 1.5 அளவில் தொடங்கலாம்.

வல்கனைசேஷனுக்கு ஆகும் நேரத்தை அளக்கும் ரியோமீட்டர் கருவி மெல்லிய மாதிரியில் காட்டும் நேரத்தை 25 மி.மீ. தடிமனான சாமானுக்கு அப்படியே வைக்காதீர்கள். நடுப்பகுதி வேகாது, அதாவது அங்கே பிணைப்பு முழுமையாகாது. அவசரப்பட்டு 180 டிகிரிக்கு ஏற்றினால் மேற்பரப்பில் பிணைப்புகள் உடைந்து ரப்பர் இளகும். 140–150 டிகிரியில் கூடுதல் நேரம் விடுவதே சரி. ஒரு சாமானைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள்: நடுவில் ஊசிமுனை அளவுக் குமிழ்கள் தெரிந்தால் வேக்காடு போதவில்லை.

சல்பரைச் சலித்தே போடுங்கள், கலவைச் சூடு 105 டிகிரியைத் தாண்டாமல் கடைசியில். கட்டி நின்றால் அதைச் சுற்றி மட்டும் பிணைப்பு இறுகி, விரிசல் அங்கிருந்தே கிளம்பும். கிழிந்த முகத்தை 10 மடங்கு லென்ஸில் பார்த்தால், விரிசல் தொடங்கிய புள்ளியில் அந்தக் கட்டியின் தடம் பெரும்பாலும் தெரியும்.