செந்தில் என்ற பெயருக்குப் பொருள் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெயர் சூட்டு விழாக்களுக்குப் பெயர்ப்பொருள் எழுதித் தரும் இளைஞர்கள் சிலர் எழுதியதை என்னிடம் காட்டிவிட்டுப் போவார்கள். ஆரம்பத்தில் நான் சறுக்கிய அதே இடங்களில்தான் அவர்களும் சறுக்குகிறார்கள். எழுத்துப்பிழையை அவர்களே திருத்திக்கொள்வார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

பெயரை வெட்டிப் பொருள் தேடுவது

இதை மட்டும் என்னால் பொறுக்கவே முடிவதில்லை. 'செம்' என்றால் சிவப்பு, 'தில்' என்றால் இதயம், ஆகவே சிவந்த இதயம் கொண்டவனாம் செந்தில்! ஒரு வீட்டில் இதைத் தங்க நிற எழுத்தில் அட்டையாக அச்சடித்து, தாம்பூலப் பையோடு எல்லோருக்கும் கொடுத்துவிட்டார்கள். "முருகன் பேராச்சே, அவனைப் பத்தி ஒண்ணுமே இல்லையே?" என்று கொள்ளுப்பாட்டி கேட்டார். பதில் சொல்ல ஆளில்லை. அட்டைக்குக் கொடுத்த பணம் போனது போனதுதான்.

இந்தி 'தில்'லுக்கும் இந்தப் பெயருக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. செந்தில் என்பது ஊர், இன்றைய திருச்செந்தூர். 'வெண்டலைப் புணரி அலைக்கும் செந்தில் நெடுவேள்' என்கிறது புறநானூற்றின் 55ஆம் பாட்டு. நுரை பொங்கும் அலை வந்து மோதும் செந்திலில் நிற்கிறான் முருகன். சிலப்பதிகாரக் குன்றக்குரவையும் 'சீர்கெழு செந்திலும் செங்கோடும்' என்று அவன் ஊர்களைத்தான் அடுக்குகிறது. செந்தில்நாதன், செந்தில்வேலன், செந்திலாண்டவன் எல்லாமே அந்த ஊர்க்காரன் பெயர்கள். பழனி, சிதம்பரம், அண்ணாமலை என்று தலத்தின் பெயரையே பிள்ளைக்கு வைக்கிறோமே, அந்த வழக்கம்தான் இதுவும். பேனா எடுக்கும் முன், எந்தக் கோயிலுக்கு வேண்டிக்கொண்டீர்கள் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். பாதி விளக்கம் அங்கேயே கிடைத்துவிடும்.

கோயில் கதையைச் சொற்பொருளாக எழுதுவது

சூரனை வென்றதால் ஜயந்திபுரம், அது மருவிச் செந்தில் என்பார்கள். 'செந்து' என்னும் உயிர்கள் அடைக்கலம் புகும் 'இல்' என்பாரும் உண்டு. இரண்டும் பக்தர்கள் வழிவழியாகச் சொல்லும் விளக்கம். தாராளமாக எழுதுங்கள், கோயில் வழக்கு என்று குறிப்பிட்டு எழுதுங்கள்.

செந்தூரன் வேறு பெயர் என்பது

இல்லை, அதே ஊர். ஈழத்தமிழரிடம் பரவலாக இருக்கும் பெயர்.

எண்கணிதம்

பொருளோடு கலக்கவே வேண்டாம்.

கேலிக்குப் பயப்படும் பெற்றோரைத் தட்டிக்கழிப்பது

செந்தில் என்றதும் பலருக்குக் கவுண்டமணி கூடவே ஞாபகம் வருவார். பள்ளியில் பிள்ளையை ஓட்டுவார்களே என்று அம்மாக்கள் தயங்குவது நியாயம்தான். அவர்களிடம் செந்தில்வேலன் என்று சொல்லிப் பாருங்கள். வீட்டில் வேலா என்று கூப்பிட்டுக்கொள்வார்கள்.