சுத்துற ராக் ஃபெஸ்டிவலுக்கு முதல்தடவை போறீங்களா? இந்த தப்பெல்லாம் பண்ணாதீங்க

அமெரிக்காவுல ஒரு காலத்துல கோடை வந்தா போதும், ஊர் ஊரா லாரில ஸ்டேஜையும் ஸ்பீக்கரையும் ஏத்திக்கிட்டு ஹார்ட் ராக் திருவிழா கிளம்பிடும். ஓஸ்ஃபெஸ்ட் தான் அதுல பெரிய பேரு. லொல்லபலூஸாங்கற இன்னொரு ராக் ஃபெஸ்டிவல்ல, பிளாக் சாபத் பேண்டோட பாடகர் ஓஸி ஆஸ்போர்னுக்கு இடம் இல்லன்னு ஆனதும் அவர் மனைவி ஷேரன் சொந்தமாவே ஒண்ணு நடத்திடலாம்னு இறங்கி, 1996-ல ஃபீனிக்ஸ்ல ஒரு நாள், கலிஃபோர்னியா டெவோர்ல ஒரு நாள்னு ரெண்டே ஷோவோட ஆரம்பிச்சது. அப்புறம் இதே மாதிரி மேஹெம்னு ஒரு ஃபெஸ்டிவல் 2008-லேர்ந்து 2015 வரைக்கும், அப்ரோர்னு ஒண்ணு 2010-லேர்ந்து 2014 வரைக்கும் சுத்துச்சு. இப்ப அந்த அளவுக்கு இல்லைன்னாலும் நாலஞ்சு பேண்ட் சேர்ந்து ஓப்பன் ஏர் ஆம்பிதியேட்டர் ஆம்பிதியேட்டரா போற பழக்கம் நிக்கல, 2025-ல கூட சம்மர் ஆஃப் லவுட்னு ஒண்ணு கிளம்புச்சு. போறவங்க பண்ற தப்பும் மாறவே இல்ல.

முதல் தப்பு, பெரிய தப்பு, லேட்டா போறது. சாதாரண கச்சேரின்னு நெனச்சுக்கிட்டு ஹெட்லைனர் (கடைசியா வர்ற பெரிய பேண்ட்) ஒம்பது மணிக்கு தானே, ஏழு மணிக்கு போனா போதும்னு கிளம்புவாங்க. முகூர்த்தத்தை விட்டுட்டு பந்திக்கு மட்டும் போற பழக்கம் நம்ம ஆளுங்களுக்கு இருக்குல்ல, அதே கதை தான். ஆனா இங்க பாதி விருந்து மத்தியானமே முடிஞ்சிடும். ஓஸ்ஃபெஸ்ட் மாதிரி ஃபெஸ்டிவல்ல மெயின் ஸ்டேஜ் தவிர வெளியில செகண்ட் ஸ்டேஜ்னு ஒண்ணு இருக்கும், பல ஊர்ல அது பார்க்கிங் லாட்ல தார் ரோடு மேலயே போட்டிருப்பாங்க, சின்ன பேண்டுங்க அரைமணி நேரம் கூட கிடைக்காம வந்து வெறித்தனமா வாசிச்சுட்டு போவாங்க. அந்த சின்ன பேண்டுங்க யாருன்னு பாருங்க: 1998-ல சிஸ்டம் ஆஃப் எ டவுன், 1999-ல ஸ்லிப்நாட், 2000-ல டிஸ்டர்ப்ட். பின்னாடி பெரிய பேரான இந்த மூணு பேண்டும் அப்ப செகண்ட் ஸ்டேஜ் ஆளுங்க தான், வெயில்ல நின்னவன் பார்த்தான், வீட்ல தூங்கிட்டு சாயங்காலம் வந்தவன் இன்னிக்கும் யூட்யூப்ல பார்த்து வயிறெரியுறான். இன்னொண்ணு, முந்தின ஊர்ல மூணு மணிக்கு வாசிச்ச பேண்ட் உங்க ஊர்ல பன்னெண்டரைக்கே ஏறலாம், அதனால யாரோ போன வாரம் போட்ட டைம் ஷீட்டை நம்பாம அன்னிக்கு காலைல புதுசா ஒரு தடவை பார்த்துக்கோங்க.

ஒரே ஒரு ஆளுக்காக டிக்கெட் வாங்குறதும் ரிஸ்க் தான். வாரக்கணக்கா ஊர் ஊரா பாடுற பாடகருக்கு தொண்டை கட்டும், சளி புடிக்கும். 2004 ஆகஸ்ட்ல நியூ ஜெர்சி கேம்டன்ல நடந்த ஓஸ்ஃபெஸ்ட் ஷோ அன்னிக்கு ஓஸிக்கு உடம்பு சரியில்ல, ஜூடாஸ் ப்ரீஸ்ட் பேண்டோட பாடகர் ராப் ஹால்ஃபோர்ட் வந்து ஓஸிக்கு பதிலா பிளாக் சாபத் பேண்டுல பாடினாரு. ஓஸியை மட்டும் பார்க்கணும்னு வந்தவனுக்கு அது ஏமாத்தம், மத்தவங்களுக்கு லாட்டரி.

டிக்கெட்னு வந்தா லான் டிக்கெட் விலை கம்மின்னு கண்ண மூடிட்டு வாங்காதீங்க. லான்னா சீட்டுங்களுக்கு மேல இருக்கற கூரைக்கு பின்னாடி, திறந்த வெளியில இருக்கற புல்லு சரிவு, ஸ்டேஜ்ல இருக்கறவன் எறும்பு சைஸ்ல தெரிவான், மழை பெய்ஞ்சா சேறு, மழைக்கெல்லாம் பொதுவா காசு திருப்பி தர மாட்டாங்க. ஆனா நாள் முழுக்க செகண்ட் ஸ்டேஜ்ல கிடக்கப் போறவனுக்கு லானே தாராளம்னு தான் நான் சொல்லுவேன்.

வெயில் பத்தி தனியா சொல்லணுமா? ஜூலை மாசம், கறுப்பு டி-ஷர்ட், தார் ரோடு. மத்தியானத்துலேர்ந்தே பீர் அடிச்சு ஆறு மணிக்கு வேலியோரமா மட்டையாகி கிடக்கற ஒருத்தனாவது எல்லா ஷோவுலயும் உண்டு. தண்ணி குடிங்க. பேக் விஷயத்துல நானே பட்டிருக்கேன், பெரிய பேக்பேக் மாட்டிட்டு போய் கேட்ல திருப்பி அனுப்பிட்டாங்க, காருக்கு போய் வெச்சுட்டு திரும்ப கியூல நின்னு உள்ள போறதுக்குள்ள ரெண்டு பேண்ட் போச்சு. என்ன சைஸ், கண்ணாடி மாதிரி தெரியற பை தான் வேணுமான்னு வென்யூவுக்கு வென்யூ மாறும், முன்னாடியே பாருங்க.

காதை அடைக்கற இயர்பிளக் போட்டா கெத்து போயிடும்னு நெனைக்கறது அடுத்த தப்பு. 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணி நேரம் தாங்கலாம்னு அமெரிக்காவுல வேலையிடத்துக்கு சிபாரிசு பண்றாங்க, ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும், அப்படி கணக்கு போட்டா 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிஷம். ராக் ஷோவுல 100 சர்வ சாதாரணம், நீங்க நிக்கப் போறதோ எட்டு மணி நேரம். மறுநாள் காலைல காதுல கொய்ங்னு கேக்குதே, அது ஜாலி இல்லீங்க, அடி வாங்கின அடையாளம். மியூசிக்குக்குன்னே விக்கற பிளக் வாங்கினா பாட்டு அமுங்காது, சொல்லப்போனா கிட்டார் இன்னும் தெளிவா கேக்கும்.

ஸ்டேஜ் முன்னாடி ஒருத்தரை ஒருத்தர் இடிச்சுக்கிட்டு ஆடற இடம் தான் மாஷ் பிட், அதுக்கு செருப்போட போகாதீங்க, கண்ணாடியை கழட்டி வெச்சுடுங்க. வெளிய இருந்து பார்த்தா அடிதடி மாதிரி இருக்கும், உள்ள ஒரு சட்டம் இருக்கு, யாராவது விழுந்தா சுத்தி இருக்கறவங்க நின்னு தூக்கி விடணும். இதை லேசா எடுத்துக்காதீங்க. இங்கிலாந்துல டோனிங்டன்ல 1988 மான்ஸ்டர்ஸ் ஆஃப் ராக்ல லட்சம் பேருக்கு மேல கூட்டம், மழையில சரிவு வழுக்கிடுச்சு, கன்ஸ் அண்ட் ரோஸஸ் வாசிக்கும்போது கூட்டம் சரிஞ்சு ரெண்டு ரசிகருங்க செத்துட்டாங்க, அடுத்த வருஷம் ஃபெஸ்டிவலே நடக்கல. அதனால கூட்டம் உங்களை தூக்கிட்டு போற மாதிரி, கால் தரையில நிக்காத மாதிரி தோணினா அது பிட்டே இல்ல, நெரிசல். பாட்டு போனா போகுதுன்னு குறுக்கால ஓரத்துக்கு நகர்ந்துடுங்க.

கடைசி பாட்டு முடிஞ்சதும் எல்லாரும் ஒரே நேரத்துல காருக்கு ஓடுவாங்க. இந்த ஆம்பிதியேட்டர் எல்லாம் ஊருக்கு வெளிய, வெளியேற வழி ஒண்ணோ ரெண்டோ, ஒரு மணி நேரம் என்ஜினை ஓட விட்டு உக்காந்திருக்கறது சகஜம். வரும்போதே பார்க்கிங் வரிசையை ஃபோட்டோ எடுத்து வெச்சுட்டு, டிக்கில ஒரு டப்பா புளியோதரை வெச்சுக்கோங்க, அதை நிதானமா சாப்ட்டு முடிக்கறதுக்குள்ள ரோடு காலியாகிடும்.