குளூட்டன் இல்லாத சாப்பாடு: ஆசை வரும்போதும் சறுக்கும்போதும் செய்யக்கூடாதவை

கோதுமை, பார்லி போன்ற தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதத்தை விட்டவர்களுக்குச் சுற்றியிருப்பவர்கள் சொல்லும் ஒரே அறிவுரை "வாயைக் கட்டு" என்பதுதான். இதில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. சின்ன வயதிலிருந்து சாப்பிட்டுப் பழகிய பிரெட்டையும் பிஸ்கட்டையும் கேக்கையும் மருத்துவர் சொன்ன அன்றே நிறுத்தினால் நாக்கு கேட்கத்தான் செய்யும், அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. ஆசை வந்த நேரத்திலும், தவறிச் சாப்பிட்டுவிட்ட மறுநாளிலும் நாம் எடுக்கும் முடிவுகளில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

எனக்கு ரொம்பவே கவலை தருவது இந்தத் தவறுதான்: விருந்தில் ஒரு துண்டு கேக் உள்ளே போய்விடும், உடனே "இன்னைக்கு எப்படியும் கெட்டுப்போச்சு, திங்கட்கிழமையிலிருந்து பார்த்துக்கலாம்" என்று மீதி வாரம் முழுக்கக் கிடைத்ததையெல்லாம் சாப்பிடுவது. சீலியாக் நோய் உள்ளவர்களுக்குக் குளூட்டன் உள்ளே போனால் உடம்பின் நோய் எதிர்ப்பு சக்தியே சிறுகுடலைத் தாக்குகிறது, சத்தை உறிஞ்ச வேண்டிய குடலுறிஞ்சிகள் தேய்ந்துபோகின்றன. எவ்வளவு போகிறது, எத்தனை நாள் போகிறது என்பதைப் பொறுத்துச் சேதமும் கூடும். அதனால் ஒரு துண்டோடு நிறுத்துவதற்கும் ஒரு வாரம் தொடர்வதற்கும் நிறையவே வித்தியாசம் இருக்கிறது. இந்த நோய்க்குக் கோதுமையோடு உள்ள தொடர்பைக் கண்டு சொன்ன நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே, 1944-45 குளிர்காலத்தில் போரினால் ரொட்டிக்குக் கடும் தட்டுப்பாடு வந்தபோது இந்த நோயுள்ள குழந்தைகள் தேறியதையும், ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி நோயில் விழுந்ததையும் பார்த்தார். குளூட்டன் நின்றால் குடல் ஆற ஆரம்பிக்கும், பெரியவர்களுக்கு அது முழுதாக ஆற ஒன்றிரண்டு வருடம்கூட ஆகலாம், ஆனால் ஆரம்பிக்கும். அதனால் அடுத்த வேளைச் சாப்பாட்டிலேயே பழைய ஒழுங்குக்குத் திரும்பிவிடுங்கள், திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டாம்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. சாப்பிட்டுவிட்டோமே என்று தன்னையே தண்டிப்பதுபோல மறுநாள் பட்டினி கிடப்பார்கள். பட்டினி போட்டால் சாயங்காலம் ஆசை இரண்டு மடங்காகத் திரும்பி வரும். தண்ணீர் நன்றாகக் குடியுங்கள், வயிற்றுப்போக்கு இருந்தால் உப்பு சர்க்கரைக் கரைசல் எடுத்துக்கொள்ளுங்கள், வயிற்றுக்கு இதமாகச் சோறோ உருளைக்கிழங்கோ சாப்பிட்டு ஓய்வெடுங்கள், போதும்.

சரி, "ஒரு வாய்தானே" என்ற நினைப்புக்கு வருவோம். தினமும் 50 மில்லிகிராம் குளூட்டன் சில மாதம் தொடர்ந்து போனாலே குடல் பாதிக்கப்படும் என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். ஒரு துண்டு பிரெட்டில் இருப்பது சுமார் 2 கிராம், சிலவற்றில் அதற்கும் மேல். அப்படியென்றால் 50 மில்லிகிராம் என்பது வெறும் துணுக்குதான். வயிறு வலிக்கவில்லை, அதனால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்ற முடிவுக்கும் வந்துவிடாதீர்கள், அறிகுறியே இல்லாமல் குடல் கெடுவது சீலியாக்கில் சாதாரணம். பீட்சாவின் மேலே இருப்பதை மட்டும் வழித்துச் சாப்பிடுவது, மாவு தோய்த்துப் பொரித்த எண்ணெயிலேயே பொரித்த உருளைக்கிழங்கு, எல்லாரும் பிரெட் சுடும் டோஸ்டர், துணுக்கு விழுந்த வெண்ணெய் டப்பா எல்லாமே இந்தக் கணக்கில்தான் வரும். சூட்டில் குளூட்டன் அழிந்துவிடாது. அப்புறம் "கோதுமை இல்லை" என்று போட்டிருந்தாலும் பார்லி மால்ட் இருக்கலாம், பட்டியலை முழுதாகப் படியுங்கள்.

ஆசையை அடக்குவதற்கு முன் அது எதைக் கேட்கிறது என்று கவனியுங்கள். பாதி நேரம் அது வெறும் பசி. காலையில் அரைகுறையாகச் சாப்பிட்டு மதியத்தைத் தள்ளிப்போட்டால் நாலு மணிக்கு பேக்கரி வாசனை யாரையும் இழுக்கும், புரதமும் நார்ச்சத்தும் உள்ள சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிட்டாலே அந்த இழுப்பு பெரிதும் குறையும். மீதி நேரத்தில் நாக்கு தேடுவது மொறுமொறுப்பையோ, மெத்தென்று இருப்பதையோ, டீயோடு ஏதாவது கடிக்கும் பழக்கத்தையோ. மொறுமொறுப்புதான் வேண்டுமென்றால் வறுத்த கடலையோ பாப்கார்னோ போதும், அந்த இடத்தில் ஒரு ஆப்பிளை வைத்துவிட்டுத் திருப்தி வரவில்லையே என்று வருத்தப்படுவது வீண். விருந்துக்குப் போகும் முன் வயிறு நிறையச் சாப்பிட்டுப் போங்கள். பையில் எப்போதும் ஏதாவது இருக்கட்டும்.

ஆனால் எல்லா ஆசைக்கும் "குளூட்டன் இல்லை" என்று அச்சிட்ட பாக்கெட்டை நம்பாதீர்கள். பல பொருட்களில் மாவுச்சத்தும் சர்க்கரையும் கொழுப்பும்தான் அதிகம், நார்ச்சத்து குறைவு, அதனால் சீக்கிரமே மறுபடி பசிக்கும். எப்போதாவது ஒன்று சாப்பிடுங்கள், தினச் சாப்பாடாக்க வேண்டாம்.

குளூட்டனைச் செரிக்க வைக்கும் என்று விற்கும் நொதி மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு பிரெட் சாப்பிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், சீலியாக் உள்ளவர்களை அவை காப்பாற்றும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

ஒவ்வொரு வயிற்று உப்புசத்துக்கும் குளூட்டன்தான் காரணம் என்று பயந்துபோவதும் தவறுதான். சேதமான குடலில் பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்திருக்கும், அதனால் ஒரு டம்ளர் பாலே அந்தப் பாடு படுத்தலாம். என்ன சாப்பிட்டோம், எத்தனை மணி நேரம் கழித்து என்ன ஆனது என்று இரண்டு வரி எழுதி வைத்தால் உண்மைக் காரணம் பிடிபடும்.

அந்தத் தாளை மருத்துவரிடம் காட்டுங்கள். திட்டுவாரோ என்று சறுக்கலை மறைப்பவர்கள் நிறைய, ஆனால் அவ்வப்போது கொஞ்சம் போகும் குளூட்டன் ரத்தப் பரிசோதனையில் தெரியாமலே போகலாம், நீங்கள் சொன்னால்தான் அவருக்குத் தெரியும். எடை குறைந்துகொண்டே போனாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, வயிற்றுப்போக்கு நாள்கணக்கில் நிற்காவிட்டாலோ, சாப்பிட்டது எதுவென்று ஆராய்ந்துகொண்டிருக்காமல் உடனே போய்ப் பாருங்கள்.