பத்து லட்சத்தை ஒரே டெபாசிட்டாகப் போடாதீர்கள்

ஓய்வு பெறும்போது கைக்கு வரும் பணத்தை வங்கியில் போடுவதாக இருந்தால், ஒரே ரசீதாக வாங்காதீர்கள். பத்து லட்சம் என்றால் இரண்டிரண்டு லட்சமாக ஐந்து ஃபிக்சட் டெபாசிட். முதிர்வும் 1, 2, 3, 4, 5 வருடம் என்று தள்ளித் தள்ளி இருக்கட்டும்.

திடீரென்று முழங்கால் ஆபரேஷனுக்கு ஒன்றரை லட்சம் வேண்டுமென்றால் ஒரு ரசீதை மட்டும் உடைத்தால் போதும். பத்து லட்சத்தையும் உடைத்தால், பணம் இருந்த காலத்துக்கான வட்டிதான் கணக்காகும். அந்த வட்டி விகிதத்திலும் பெரும்பாலான வங்கிகள் அரை முதல் ஒரு சதவீதம் வரை பிடிப்பார்கள். அப்புறம், வருடத்துக்கு ஒரு ரசீது முதிர்வதால் பிள்ளைகளிடம் கேட்காமலே கையில் பணம் புரளும். தேவையில்லாவிட்டால் அன்றைய வட்டியில் மறுபடி ஐந்து வருடத்துக்குப் போடலாம்.

வரி விலக்குக்கான ஐந்து வருட டெபாசிட்டுக்கு இது ஒத்துவராது, அதை நடுவில் உடைக்கவே முடியாது. இரண்டு மாதத்தில் பணம் திரும்பக் கைக்கு வந்துவிடும் என்றால், அந்தத் தற்காலிகத் தேவைக்காக மற்ற ரசீதுகளையும் உடைக்க வேண்டாம். ரசீதின் பேரில் கடன் வாங்குவது பெரும்பாலும் லாபம். ஒரே வங்கியில் ஐந்தாகப் பிரித்தாலும் வங்கி திவாலானால் கிடைக்கும் டெபாசிட் காப்பீடு வட்டியும் சேர்த்து மொத்தம் 5 லட்சம்தான், அதனால் இரண்டு மூன்று வங்கிகளில் போடுவது நல்லது. நாமினி பெயரை ஒவ்வொரு ரசீதிலும் பார்த்து வாங்குங்கள். ஒன்றில் எழுதியது மற்றதில் தானாக ஏறாது.