பட்டர்ஃப்ளை கத்தி விரலை வெட்டுவது எனக்கு எப்படி நின்றது
பட்டர்ஃப்ளை கத்தி என்பது இரண்டு கைப்பிடிகளுக்கு நடுவே அலகு மடங்கி மறையும் கத்தி, ஒரு பிடியைப் பிடித்துக்கொண்டு மற்றதைச் சுழற்றித் திறந்து மூடி வித்தை செய்வார்கள். அதைச் சுழற்றப் பழகிய புதிதில் என் ஆள்காட்டி விரல் மூட்டில் பிளாஸ்திரி இல்லாத வாரமே கிடையாது. வேகம்தான் காரணம் என்று நினைத்து மெதுவாகச் சுழற்றிப் பார்த்தேன், அப்போதும் அதே இடத்தில்தான் வெட்டியது.

அப்புறம் கத்தியை நிதானமாக மூடித் திறந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. இரண்டு கைப்பிடிகளில் ஒன்றின் மேல் அலகின் கூர்ப்பக்கம் மடங்கும், மற்றதன் மேல் மழுங்கிய முதுகு மடங்கும். நான் பாதி நேரம் கூர் மடங்கும் பிடியைப் பிடித்தே சுழற்றியிருக்கிறேன், அலகு திரும்பி வரும்போது நேராக மூட்டில் இறங்கியிருக்கிறது. இரண்டு பிடிகளையும் சேர்த்துப் பூட்டும் கொக்கி பெரும்பாலும் அந்தப் பிடியில்தான் இருக்கும், ஆனால் எல்லாக் கத்தியிலும் அப்படி இல்லை, கொக்கியே இல்லாதவையும் உண்டு.

அதனால் முதுகு மடங்கும் பிடியின் அடியில் துணி டேப்பை ஒரு சுற்றுச் சுற்றினேன். அந்தச் சொரசொரப்பு உள்ளங்கையில் பட்டால்தான் சுழற்றவே தொடங்குவேன். இது ஒன்றே பெரிய மாற்றம்.

நடுவில் பிடி மாறும் வித்தைகளை மட்டும் கூரில்லாத பயிற்சிக் கத்தியில், கை தானாகச் செய்யும் வரை பழகுகிறேன். அலகைப் பிடிகளோடு இணைக்கும் திருகாணி தளர்ந்தால் அலகு ஆடும், தினமும் முடுக்கிக்கொள்கிறேன். கத்தி நழுவினால் பிடிக்கவே போகாதீர்கள், காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு விழ விடுங்கள். கை தன்னால் நீளும், அதை அடக்கத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது. மெத்தைக்கு மேல் வேண்டுமென்றே பயிற்சிக் கத்தியை நழுவவிட்டு நழுவவிட்டுப் பழகினேன்.